இரண்டாம் கொதி

இடுப்புக்குக் கீழே வலது பக்கத்தில், துருப்பிடித்த சாவியை யாரோ செருகித் திருகுவது போல வலித்தது. சாவிக்காரி இயந்திரத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இடது காலில் மட்டும் நின்றாள். சலவை ஆலையில் உட்காருவதற்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. ஈர விரிப்பு ஒரு பக்கம் உருளைக்குள் போகும். மறுபக்கம் காய்ந்து கொதித்துக்கொண்டு வந்து விழும். ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து மடிக்க வேண்டும். ஒன்றை மடித்து அடுக்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். விரல் நுனிகளில் தோல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"ஏய் சாவி, மூலையைத் தூக்கிப் பிடி. விரிப்பு தரையைத் துடைக்குது," என்றாள் எதிரில் நின்றவள்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சுடி."

"இடுப்புன்னு ஒண்ணு உனக்கு இன்னும் இருக்கா? எனக்குப் போன வருஷமே கழண்டு விழுந்துடுச்சு."

அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. மணி அடிக்கும்போது மேற்பார்வைக்காரி வாசலில் நின்று, திங்கள் முதல் இரண்டு வாரத்துக்கு எல்லோரும் இரண்டு ஷிப்ட் என்றாள். விடுதிகளில் கூட்டம், விரிப்புகள் மலையாகக் கிடக்கின்றன, வர முடியாதவர்கள் அப்புறமும் வர வேண்டாம். சாவிக்காரிக்கு முதலில் நினைவுக்கு வந்தது திராட்சை.

நாளைய ஞாயிறு கழிந்து அடுத்து வரும் ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து, சபையார் அப்பமும் ரசமும் வாங்கும் நாள். மெதடிஸ்ட் சபையில் அதற்கு ஒயின் வைப்பதில்லை. புளிக்காத திராட்சைச் சாறுதான். குடியை விட்டவன் முழங்கால் போடும் இடத்தில் குடி இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. அந்தச் சாற்றைக் காய்ச்சுவது அவள் வேலை. கோயிலைப் பெருக்குவது, பெஞ்சுகளைத் துடைப்பது, மணி அடிப்பது, அறுபது சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்ப்பது, கதவுகளின் ஏழு சாவிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவது, எல்லாம் அவள் வேலை. அதற்குக் கூலி கோயிலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒற்றை அறை. தகரக் கூரை, ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் அந்த அறை அவளுக்கும் புருஷனுக்கும் போதுமானதாக இருந்தது. அதை விட்டால் போக இடமில்லை.

வழக்கமாக அதற்கு முந்தின நாள்தான் சாறு காய்ச்சுவாள். இரண்டு ஷிப்ட் முடித்து வந்து அடுப்படியில் நிற்க முடியாது. அதனால் எட்டு நாள் முன்னதாக அன்றைக்கே கறுப்புத் திராட்சை வாங்கி வந்து, காம்பு கிள்ளி, கையால் பிசைந்து, பானையை ஏற்றினாள். முதல் கொதியில் தோல் வெளுத்துச் சாறு இறங்கும். துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டிய சாற்றைத் திரும்ப ஏற்றி, நுரை அடங்கும்வரை இரண்டாவது முறை கொதிக்கவிட்டு, அந்தச் சூட்டோடு வெந்நீரில் போட்டெடுத்த பாட்டில்களில் ஊற்றி, மெழுகால் வாயை அடைக்க வேண்டும். இரண்டாம் கொதிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் சாறு சும்மா இருக்காது.

வடிகட்டிக்கொண்டிருந்தபோது புருஷன் வந்தான். கிடங்கில் மூட்டை தூக்குபவன். தோளில் சாக்குத் தூசி, கழுத்தில் காய்ப்பு. வாசற்படியிலேயே நின்றுகொண்டான்.

"என்னடி இது, மாசம் பிறக்கறதுக்கு முன்னாடியே சாறு பிறந்துடுச்சு?"

"அடுத்த வாரம் பூரா ரெண்டு ஷிப்ட். அப்ப யார் காய்ச்சுவா, உங்க கிடங்குத் தராசு ஐயாவா?"

"அவர் காய்ச்சினா சொட்டுக்கு ஒரு தடவை எடை போடுவாரு. திருவிருந்து அடுத்த வருஷம்தான்."

அவள் சிரிக்கப் போய், வலி இழுத்து, அடுப்பு மேடையில் கையை ஊன்றினாள்.

"போய்ப் படு. துணியைப் பிழிஞ்சு நான் ஏத்தி வைக்கறேன்," என்றான். சொன்னானே தவிர, படியைத் தாண்டவில்லை.

"நீங்க கிட்ட வர மாட்டீங்கன்னு நீங்களே சொன்னதுதானே."

"ஆமா. பானையில இருக்கற வரைக்கும் அது எனக்கு எதிரி. பாட்டில்ல அடைச்சு மெழுகு வெச்சப்புறம் சிநேகிதன்."

பதினோரு வருஷத்துக்கு முன் சபை நடுவில் முழங்கால் போட்டு, இனி குடிப்பதில்லை என்று அட்டையில் கையெழுத்துப் போட்டவன் அவன். அந்த அட்டை கட்டிலுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வியாழக்கிழமைதோறும் வகுப்பு கூடும், பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார, வகுப்புத் தலைவர் ஒவ்வொருவரையும் "உங்க ஆத்துமா எப்படி இருக்கு?" என்று கேட்பார். மற்றவர்கள் பத்து நிமிஷம் பேசுவார்கள். இவன் வருஷக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். அதனால் சபையில் அவனுக்குப் பேரே அதுதான். போன வருஷம் 'பத்து'. இந்த வருஷம் 'பதினொண்ணு'. "பதினொண்ணு, அந்த பெஞ்சைக் கொஞ்சம் நகர்த்து" என்பார்கள். யாராவது அப்படிக் கூப்பிடும்போது அவன் முதுகு நிமிர்வதைச் சாவிக்காரி பார்த்திருக்கிறாள்.

வடிகட்டி முடித்ததும், ஐந்து நிமிஷம் முதுகைக் கிடத்திவிட்டு இரண்டாம் கொதியை ஏற்றலாம் என்று கட்டிலில் சாய்ந்தாள். கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம். சாறு பானையில் ஆறிக் கிடந்தது, மேலே ஒரு பழ ஈ. ஈயை விரலால் எடுத்துப் போட்டாள். மோந்து பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது. கோயிலைத் திறக்க வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், பாட்டுப் புத்தகம் அடுக்க வேண்டும். சாயங்காலம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, அதுவரை ஈ விழாமல் இருக்க அப்படியே பாட்டில்களில் ஊற்றி மெழுகு வைத்தாள். சாயங்காலம் இடுப்பு நிமிரவில்லை. திங்கட்கிழமை விரிப்புகள் தொடங்கிவிட்டன.

அந்த வாரம் வெயில் தகரத்தை முறுக்கியது. மத்தியானத்தில் கூரை பட்பட்டென்று தானாகச் சத்தம் போடும். பாட்டில்கள் அடுப்பு மேடைக்குக் கீழே இருந்தன.

ஞாயிறு காலை, ஆராதனைக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது, பலிபீடத்துக்குப் பக்கத்துச் சிறு அறையில் முதல் பாட்டிலின் மெழுகைக் கத்தியால் சுரண்டினாள். முழுக்கச் சுரண்டுவதற்குள் அடைப்பு தானே எகிறிச் சுவரில் அடித்தது. புஸ்ஸென்று நுரை அவள் மணிக்கட்டில் வழிந்தது.

நக்கிப் பார்த்தாள். நாக்கில் கிள்ளியது. இரண்டாவது பாட்டிலும் அப்படித்தான். மூன்றாவதும்.

வெளியே பாட்டுக் குழு பாடிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. போதகரிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் இந்த மாதம் திருவிருந்து இல்லை என்று அவர் சபைக்கு அறிவிக்க வேண்டும். அறுபது பேர் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். அவளுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவள், அப்பத்தில் பூஞ்சை பிடித்திருந்தது என்று ஒரே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்.

கதவருகே புருஷன் எட்டிப் பார்த்தான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை.

"என்ன, ஆச்சா? தட்டைத் தூக்கவா?"

அந்த வீட்டில், அந்தச் சபையிலேயே, ஒரு சொட்டு நாக்கில் வைத்து இது எது என்று சொல்லக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான். அவனிடம்தான் கேட்க முடியாது.

"நீங்க போய் உட்காருங்க. நான் கொண்டுவர்றேன்," என்றாள்.

சாற்றைக் கூஜாவில் ஊற்றி, சர்க்கரை டப்பாவைத் திறந்து மூன்று கரண்டி போட்டுக் கலக்கினாள். அறுபது கிண்ணங்களிலும் ஊற்றி, துளை போட்ட மரத்தட்டுகளில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடினாள். துணிக்கு அவளே கஞ்சி போட்டு மடித்திருந்தாள். மடிப்பு நேராக இருந்தது.

பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் எப்போதும் போல நடந்தன. பிரசங்கம் பாவ அறிக்கையைப் பற்றி. போதகர் இந்தச் சபைக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. இன்னும் ஆறு மாதத்தில் மாற்றல் வந்துவிடும். குரல் நல்ல குரல். அவர்தான் முதல் கிண்ணத்தை எடுத்தார். அவள் மூன்றாவது பெஞ்சிலிருந்து அவர் தொண்டையையே பார்த்தாள். குடித்தார். தொண்டை ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது. கண்ணை மூடித் திறந்து, "முதல் வரிசை வரலாம்" என்று கையைக் காட்டினார்.

வரிசை வரிசையாகப் போய்க் கம்பித் தடுப்பின் முன்னால் முழங்கால் போட்டார்கள். எழுந்து திரும்பி வந்தவர்கள் உதட்டை நக்கிக்கொண்டார்கள். பாட்டுக் குழுவின் தையல்காரம்மா பக்கத்திலிருந்தவளிடம் குனிந்து, "என்ன இது, நாக்குல எறும்பு கடிக்கற மாதிரி இருக்கு?" என்றாள். "பேசாம இரு, ஆராதனை நடக்குது," என்றாள் மற்றவள்.

கடைசி வரிசை சாவிக்காரியும் புருஷனும். அவன் கிண்ணத்தை எடுத்தான். ஒரு மிடறு. எல்லோரும் எழுந்த பின்பும் அவன் எழவில்லை. காலிக் கிண்ணம் அந்தப் பெரிய கைக்குள் இருந்தது. அவள் அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஆளின் பார்வை.

மிஞ்சிய சாற்றைக் கீழே கொட்டக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, அங்கேயே குடித்துத் தீர்த்துவிட வேண்டும் என்பது சபையின் வழக்கம். அது எப்போதும் பதினொண்ணின் பங்கு. மாதத்துக்கு ஒரு தரம் கிடைக்கும் இனிப்பு என்று சிரித்துக்கொண்டே குடிப்பான். அன்று கூட்டம் வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருக்க, அவள் பெஞ்சுகளுக்கிடையில் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூஜா நினைவு வந்து பலிபீடத்துப் பக்கத்து அறைக்கு ஓடினாள். அதற்குள் வகுப்புத் தலைவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

அவர் கிடங்கில் எடை மேடையைக் கவனிப்பவர். லாரி வந்தாலும் மூட்டை வந்தாலும் அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முள்ளைப் பார்த்து எழுதுவார். அதனால் தராசு. வாழ்நாளில் ஒரு துளி குடிக்காதவர்.

பதினொண்ணு சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். கூஜா காலி. மிஞ்சியிருந்த ஒரு பாட்டிலும் காலி. முகம் சிவந்திருந்தது.

"என்னப்பா இது? என்னய்யா இது? கோயிலுக்குள்ள வந்து..." தராசுக்கு மூச்சு வாங்கியது. "சாராயம் நாறுது!"

"சாராயம் இல்லைங்க ஐயா," என்றான் அவன் நிதானமாக.

"எனக்கு மூக்கு இல்லையா?"

"மூக்கு இருக்குங்க. பழக்கம் இல்லை. சாராயம் தொண்டையில எரியும், மூக்குல ஏறும். இது புளிச்ச சாறு. கிள்ளும், அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா, உனக்கு நல்லாத் தெரியும்!" தராசு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "கேட்டுக்கங்க எல்லாரும். இவர் நமக்குப் பாடம் நடத்தறாரு!"

வாசலில் தலைகள் சேர்ந்தன. தையல்காரம்மா வாயில் கையை வைத்தாள். "அதான் நாக்குல கிள்ளிச்சா? ஐயோ, சாமி மேசையில கலந்துட்டானே! என் பிள்ளைங்களும் குடிச்சாங்களே!"

அதன்பின் அதுதான் நடந்ததாக ஆயிற்று. பதினோரு வருஷமாக ஒளித்து வைத்திருந்த புத்தி அவனைத் தூண்டி, சாற்றில் எதையோ கலந்துவிட்டான். அப்படி வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அறுபது பேர் குடித்தார்கள், அறுபது பேருக்கும் நாக்கில் கிள்ளியது, ஒருவரும் சத்தமாகக் கேட்காமல் எழுந்து வந்தார்கள். அதற்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. ஆள் தரையிலேயே தயாராக உட்கார்ந்திருந்தான்.

மத்தியானமே பொறுப்பாளர்கள் கூடினார்கள். போதகர் நடுவில், தராசு அவருக்கு வலது கைப் பக்கம், இன்னும் மூன்று பேர். புருஷனும் பெண்சாதியும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"நீ என்ன கலந்தே, எப்ப கலந்தே, அதைச் சொல்லு. சொன்னா மன்னிப்பு உண்டு," என்றார் தராசு.

"நான் எதையும் கலக்கலை. உள்ள இருந்ததைக் குடிச்சேன். குடிச்சது என் தப்பு. முதல் கிண்ணத்துலயே தெரிஞ்சது, தெரிஞ்சும் உள்ள போய் மீதியைக் குடிச்சேன். அதுக்கு என்ன வேணா பண்ணுங்க. ஆனா நான் கலக்கலை."

"அப்ப தானா வந்துச்சா?"

"தானா வரும் ஐயா. சரியா காய்ச்சலைன்னா தானா வரும்."

எல்லோரும் சாவிக்காரியைப் பார்த்தார்கள். அவளுக்கு இடுப்பில் சாவி திருகியது. உண்மையாகவே கையால் அந்த ஏழு சாவிகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல் இருக்க.

போதகர் மெதுவாகக் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. சாறு சரியா காய்ச்சினீங்களா?"

பக்கத்தில் நின்றவனின் மூச்சு அவளுக்குக் கேட்டது. அவன் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பவும் போலத்தாங்க காய்ச்சினேன்."

"ரெண்டு கொதியும்?" மறுபடியும் கேட்டார் போதகர்.

"ரெண்டு கொதியும்."

தராசு நோட்டைத் திறந்து, வகுப்பு வரிசையில் ஒரு பெயரின்மேல் கோடு போட்டார். ஒரு வருஷத்துக்கு அவன் வகுப்பிலும் உட்காரக் கூடாது, தடுப்பின் முன்னாலும் முழங்கால் போடக் கூடாது. "அந்தம்மா மேல தப்பில்லை. பாவம், அது என்ன பண்ணும்? அறை அந்தம்மா பேர்லயே இருக்கட்டும்," என்றார். பெரிய மனசு என்று மற்றவர்கள் தலையசைத்தார்கள். போதகர் மேசைமேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்கு வந்ததும் அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அடுப்பு மேடைக்குக் கீழே, அவள் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த காலிப் பாட்டில்களிடம் குனிந்து, மெழுகு ஒட்டிய அடைப்பு ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான். வைத்துவிட்டான்.

"அன்னைக்கு நான் வந்து படுக்கறப்ப நீ தூங்கிட்டிருந்தே," என்றான். "அடுப்பு அணைஞ்சிருந்தது. பானை மேல இருந்தது. நான்தான் பானைகிட்ட வர மாட்டேனே. எழுப்பலாம்னு நினைச்சேன். இடுப்பு வலின்னியேன்னு விட்டுட்டேன்."

அவள் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"காலையில ஏத்தினியா?"

"ஏத்தினேன்."

"என்கிட்டயுமா?"

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்து, பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கை வைத்து, உப்பைத் தூவி, அவன் முன்னால் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. ஆறிடும்."

"உன்னை வெளிய அனுப்பிடுவாங்கன்னு பயந்தே. சரி. எனக்கும் அந்த பயம்தான். அதான் அங்க வாயைத் திறக்கலை. இங்கயாவது சொல்லியிருக்கலாம்டி. இங்க யார் இருக்கா?"

அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள். அவன் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டான். கட்டில் பக்கம் போய், அந்த அட்டைச் சட்டத்தைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினான். பிறகு வெளியே போனான். எங்கே போகிறான் என்று அவள் கேட்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தபோது அடித்த வாசனை, புளித்த சாற்றினுடையது அல்ல. அந்த வித்தியாசம் அவளுக்கும் தெரிந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. மூட்டையோடு பலகையில் கால் இடறினான். மூட்டை கிழிந்தது. எடை மேடையிலிருந்து தராசு தலையை ஆட்டி, "நான் சொல்லலை?" என்றார். வாரத்துக்கு ஆறு நாள் வேலை நாலாயிற்று, இரண்டாயிற்று. சபையில் பேர் மாறியது. "சைபர் வர்றான் பாரு," என்றார்கள். அவனும் அதற்குத் திரும்பிப் பார்த்தான். ஞாயிறுதோறும் கோயிலின் பக்கச் சுவரோரம் விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வரும் பாட்டைக் கேட்பான். குடித்திருந்தாலும் தாளம் தப்பாமல் முழங்காலில் தட்டுவான். மாதத்தின் முதல் ஞாயிற்றில் மட்டும் அங்கே இருக்க மாட்டான்.

சாறு அவள்தான் காய்ச்சினாள். இரண்டு கொதி இல்லை, மூன்று கொதி. பாகு போல ஆகிவிடும். "இப்பத்தான் ருசியே வந்திருக்கு," என்றாள் தையல்காரம்மா. "அந்த ஆள் கை படலை பாரு."

வருஷத்தின் முதல் ஞாயிறு, உடன்படிக்கை ஆராதனை. சபை மொத்தமும் எழுந்து நின்று, தன்னைக் கடவுளுக்கு மறுபடியும் ஒப்புக்கொடுத்து வாக்குக் கொடுக்கும் நாள். எல்லோர் வாயும் அசைந்தது. அவள் வாயும் அசைந்தது. போதகருக்கு மாற்றல் வந்துவிட்டது. அதுதான் அவருடைய கடைசி ஆராதனை. எல்லோரும் போனபின் அவருடைய அறைச் சாவியை வாங்க அவள் உள்ளே போனபோது, அவர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்," என்றார். "அன்னைக்கு முதல்ல குடிச்சது நான். புளிச்சிருந்தது. எனக்கு அப்பவே தெரியும், யாரும் எதையும் கலக்கலை."

அவள் நின்றாள்.

"அப்ப சொல்லியிருக்கலாமே ஐயா."

"சொன்னா, தெரிஞ்சே ஏன் சபைக்குக் கொடுத்தேன்னு கேட்பாங்க. ஆராதனையை நடுவுல நிறுத்த மனசு வரலை." பெட்டியின் மூடியை அழுத்தினார். பூட்டு விழவில்லை. "அதோட, நீங்க சொல்வீங்கன்னு நினைச்சேன். அதனாலதான் உங்களைக் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்."

அவள் முன்னால் வந்து, முழங்கையை ஊன்றிப் பெட்டியை அழுத்திக் கொடுத்தாள். பூட்டு விழுந்தது.

"புது போதகர் கிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாங்க."

அவர் முகத்தில் தெரிந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. மறுநாள் காலை வண்டியில் போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை வகுப்பு கோயிலின் பக்க அறையில் கூடியது. இப்போது பதினொரு பேர். வெளியே, விறகு அடுக்கின்மேல், அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் திறந்திருந்தது. தராசு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தார். தையல்காரம்மா தன் ஆத்துமாவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். பிறகு அவள் முறை.

"உங்க ஆத்துமா எப்படி இருக்கும்மா?"

வெளியே முழங்காலில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. எழுந்து நின்றதில் அவளுக்கு இடுப்பு இழுத்தது. சாவிகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க ஐயா," என்றாள்.

"ஸ்தோத்திரம்," என்றார் தராசு, அடுத்த ஆள் பக்கம் திரும்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே விறகு சரியும் சத்தமும், தெருப் பக்கம் தள்ளாடிப் போகும் காலடியும் கேட்டன.

நான் இரண்டாவது முறை கொதிக்க வைக்கவில்லை, அவர் எதையும் கலக்கவில்லை. சபை நடுவில் நின்று அவள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பதினோரு வருஷத்துக்குப் பதிலாக அவள் அவனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. இன்னும் கொடுக்கவில்லை.